மாவறையின் ஜன்னல்

எங்கள் பேக்கரியின் பின்பக்கம் மாவு பிசைகிற அறை ஒன்று உண்டு. மாவறை என்போம். அதற்கு ஒரே ஒரு ஜன்னல், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி. கல்யாணமாகி நானும் என் மனைவியும் கடை போட்ட முதல் குளிர்காலத்திலேயே அந்த ஜன்னலைப் பலகை அடித்து மூடினோம். இடுக்குகளில் சாக்கைத் திணித்தோம். அதற்கு மேல் பழைய செய்தித்தாளை மைதாப் பசையால் ஒட்டினோம். பேக்கரிக்காரன் வீட்டில் மைதாவுக்கா பஞ்சம்? பசை நன்றாகத்தான் பிடித்தது. அதை நினைத்துத்தான் இப்போது மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கடை இருப்பது கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற பாதையில், ஒரு சின்ன பஜாரில். எதிரே டீக்கடை, பக்கத்தில் மளிகைக்கடை. மேலே ஏறினாலும் தேயிலை, கீழே இறங்கினாலும் தேயிலை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் பன்னை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். கார் நிறுத்தி இறங்குகிற டூரிஸ்ட்டுகள் மட்டும் "வர்க்கி இருக்கா?" என்று கேட்பார்கள். "இது பன்னுக்கடைங்க. மொறுமொறு வர்க்கிக்கு ஊட்டிக்குத்தான் போகோணும்" என்று அனுப்பிவிடுவேன். தெரிந்த ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதும் என்பது என் கட்சி. அந்த ஒன்றைக்கூட ஒழுங்காகத் தெரிந்துவைத்திருக்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

தொழில் பழகியது கோயம்புத்தூரில். அங்கே மாவைப் பிசைந்து தொட்டியில் போட்டுவிட்டு, எதிர்க்கடையில் டீ குடித்து, நாலு ஊர்க்கதை பேசிவிட்டு வந்தால் மாவு தொட்டியை நிறைத்துக்கொண்டு நிற்கும். அப்பா பிழைப்புத் தேடி ஏறி வந்த இந்த மலையில் சொந்தமாகக் கடை போட்டபோது, அதே அளவு, அதே ஈஸ்ட், அதே கை. ஆனால் மார்கழிப் பனியில் மாவு அம்மிக்கல்லாகக் கிடந்தது. காலையில் பிசைந்தது மதியம் வரை அசையவில்லை. முதல் நாள் போட்ட பன்னை எடுத்து டீக்கடைக்காரர் மேசையில் தட்டிப் பார்த்தார். "ஆணி அடிக்கறதுக்கு ஆவுமுங்க" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஈஸ்ட் குறைவோ என்று இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டேன். பன்னில் கள்ளு வாடை அடித்தது. சர்க்கரையைத் தின்றால்தானே அது மூச்சு விடும் என்று சர்க்கரையை வாரிக் கொட்டினேன். ஈஸ்ட் உயிருள்ள சரக்கு. கொஞ்சம் சர்க்கரை கொடுத்தால் எழுந்து ஆடும். அளவு மீறிக் கொடுத்தால் உடம்பில் இருக்கிற ஈரத்தையும் இழந்து சுருண்டுவிடும். உப்பு கூடினாலும் அதே கதிதான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்த கடைசி வித்தை வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பிசைந்தேன். கை வெந்ததுதான் மிச்சம். மாவு கடைசிவரை எழவேயில்லை. சூடு பட்டால் ஈஸ்ட் செத்துப்போகும் என்று அன்றைக்குப் பட்டுத் தெரிந்துகொண்டேன். சூட்டில் சாகிறது என்றால் குளிரிலும் சாகத்தானே செய்யும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். என் பேக்கரி வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு முடிவின் மேல்தான் நின்றது.

"குளுருக்கு நம்மளே நடுங்கறோம். பாவம், அது என்ன பண்ணும்?" என்றாள் என் மனைவி. அவள் பவானிசாகர் பக்கத்துப் பெண். அணைத் தண்ணீரையும் வெயிலையும் பார்த்து வளர்ந்தவள். இந்த மலைக்கு வந்த நாளிலிருந்து ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை. ஜன்னலை அடைக்கிற யோசனை யாருடையது என்று இப்போது இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. அவள் தன்னுடையது என்கிறாள், நான் என்னுடையது என்கிறேன். பசை காய்ச்சியது அவள், பலகை அடித்தது நான். அது மட்டும் நிச்சயம்.

மாவறையின் ஒரு சுவர் அடுப்புக்குப் பொதுச் சுவர். சீகை விறகு எரிகிற சூடு அந்தச் சுவர் வழியாக உள்ளே இறங்கும். ஜன்னலையும் அடைத்துவிட்டதால் அந்தச் சூடு எங்கேயும் போகாது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த கம்பளியை எடுத்து வந்து மாவுத் தொட்டியின் மேல் போர்த்தினாள். அன்றைக்கு மாவு பொங்கியது. விரலால் அழுத்தினேன். குழி மெல்ல மெல்ல மேலே வந்தது. அதுதான் பதம். உடனே திரும்பி வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, வராமலே கிடந்தால் நேரம் கடந்துவிட்டது. அவளையும் கூப்பிட்டு அழுத்திப் பார்க்கச் சொன்னேன். "கொழந்த கன்னமாட்ட இருக்குதுங்க" என்று சிரித்தாள். டீக்கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்தார்: "பன்னுக்குக் கம்பளி போத்தி வெச்சிருக்கறான், பொண்டாட்டிக்கு என்னத்தப் போத்தறானோ!"

அவளுக்கும் மாவறைதான் பிடித்தது. "இந்த ஊர்ல மனுஷங்க இருக்கற மாதிரி எடம் இது ஒண்ணுதானுங்க" என்பாள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மகள் பிறந்தபோது தொட்டிலைக்கூட அங்கேதான் கட்டினோம். யாராவது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால், "கதவச் சாத்துங்க, மாவு செத்துப்போகும்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்துவோம். பஜாரில் அது ஒரு கேலிப்பேச்சாகவே ஆகிவிட்டது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, "கண்ணாடியச் சாத்துப்பா, மாவு செத்துப்போகும்" என்பார்கள்.

சூட்டில் வளர்கிற மாவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது யாருக்காகவும் காத்திருக்காது. பதம் வந்ததும் எடுத்து உருட்டித் தட்டில் வைத்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் பொங்கிப் பொங்கிப் புளித்து, கடைசியில் தொப்பென்று அமுங்கிவிடும். ஒரு தொட்டி முடிவதற்குள் அடுத்தது எழுந்து நிற்கும். எங்களுக்கு நாள் என்று ஒன்று இருந்ததில்லை. ஒரு தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவே கிடைத்த இடைவெளிதான் எங்கள் குடும்பம்.

கடைக்குப் பின்னால் தேயிலைக்குள் ஒரு ஒத்தையடிப்பாதை ஏறுகிறது. முடிவில் ஒரு மேடு. மேட்டில் நின்று பார்த்தால் மலை சட்டென்று இறங்கி, கீழே சமவெளி தெரியும். பனி இல்லாத நாளில் பவானிசாகர் அணைத் தண்ணீர் தகதகவென்று மின்னும். கொழுந்து பறிக்கிற பெண்கள் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்க, மேட்டுக்குப் போனா எங்கூரு தெரியுமாமா. ஒரு நாளைக்குக் கூட்டீட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். "அதுக்கென்ன அம்மிணி, போலாம்" என்றேன். ஏறுவதற்குக் கொஞ்ச நேரம், இறங்குவதற்குக் கொஞ்ச நேரம், அவள் ஆசை தீரப் பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம். அதற்குள் மாவு அமுங்கிவிடும். தனியாகப் போய்விட்டு வா என்றால், "உங்களோடதான் பாக்கோணும்" என்பாள். நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் முடியட்டும், மகளுக்குப் பரீட்சை முடியட்டும். மகள் படித்து முடித்துத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்கே போய்விட்டாள். மேடு மட்டும் அங்கேயே இருந்தது.

எனக்கு முதலில் வந்தது தும்மல். காலையில் மைதா சலிக்கும்போது விடாமல் தும்முவேன். பிறகு இருமல். பிறகு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம். இந்த மலையில் எந்த நோய்க்கும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். தலைவலியா, பனி. முழங்கால் வலியா, பனி. மாப்பிள்ளை சரியில்லை என்றாலும் அநேகமாகப் பனிதான். என் இளைப்புக்கும் பனி என்றே எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். தூதுவளைக் கஷாயம் குடித்தேன். நெஞ்சில் நீலகிரித் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. ஊருக்கே தைலம் காய்ச்சித் தருகிற மலையில், என் மூச்சுக்கு மட்டும் அது உதவவில்லை.

பனிதான் என்பதற்கு எங்களிடம் அத்தாட்சியும் இருந்தது. அவள் ஊர்த் திருவிழாவுக்குக் கீழே போனால் இரண்டாம் நாளே நெஞ்சு லேசாகிவிடும். மேலே வந்து கடையைத் திறந்ததும் மறுபடி பூனைக்குட்டி. "பாத்தீங்களா? வெயிலு பட்டா நல்லாயிருக்குது. குளுருதான் உங்குளுக்கு ஆவறதில்ல" என்பாள். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். கீழே போன நாட்களில் வெயில் மட்டுமா இருந்தது? மைதா இல்லாமலும் இருந்தது. அது இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை. சோறு போடுகிறதை யார் சந்தேகப்படுவார்கள்?

அதுவரை கடைகளுக்குப் பன் கொண்டுபோய்ப் போடுவது என் வேலை. கூடையை ஜீப்பிலோ பேருந்திலோ ஏற்றிக்கொண்டு எஸ்டேட் லைன் வீடுகள், டீக்கடைகள் என்று காலையில் ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அந்தப் பனிக்காற்றுதான் நெஞ்சைக் கெடுக்கிறது என்று சொல்லி அவள் அந்த வேலைக்கு ஒரு ஆட்டோக்காரரை ஏற்பாடு செய்தாள். "நீங்க வெளிய சுத்த வேண்டாமுங்க. உள்ளாரயே கதகதன்னு இருங்க" என்றாள். மாவறையின் மூலையில் எனக்கு ஒரு கயிற்றுக்கட்டில் வந்தது. இளைப்பு அதிகமான நாட்களில், மாவோடு மாவாக என்னையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவாள். சாத்திவிட்டு, காற்று வருகிறதா என்று கீழே இடுக்கில் கையை வைத்துப் பார்ப்பாள். வந்தால் ஒரு சாக்கை மடித்து வைப்பாள். இத்தனை பிரியமாக என்னை யாரும் பார்த்துக்கொண்டதில்லை. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

அது நடந்தது கிறிஸ்துமஸ் நெருங்குகிற சமயம். பஜாரில் நல்ல பனி. முதல் தொட்டி மாவை நானே பிசைந்து கம்பளி போர்த்திவிட்டு, அடுத்ததற்கு மைதா சலித்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் அதிகம், ஆகவே வேகவேகமாகச் சலித்தேன். அறை முழுக்க வெள்ளைப் புகை. திடீரென்று மூச்சு உள்ளே போகவில்லை. போனதும் வெளியே வரவில்லை. சல்லடையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி ஓடிவந்து, முதல் காரியமாகக் கதவைச் சாத்தினாள். குளிர் பட்டால் அதிகமாகிவிடும் என்று பயந்திருக்கிறாள். நல்லவேளை, அவள் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். என் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்ததும் ஒரு விறகுக் கட்டையை எடுத்து ஜன்னலில் ஓங்கி ஒரு போடு போட்டார். பலகை, சாக்கு, எத்தனையோ வருஷத்துச் செய்தித்தாள், எல்லாம் சேர்ந்து தேயிலைக்குள் போய் விழுந்தன.

"ஐயோ, குளுரு!" என்று கத்தினாள் அவள். தொட்டியின் மேலிருந்த கம்பளியை உருவி என்னைச் சுற்றினாள். ஜீப்பில் ஏற்றினார்கள். கோத்தகிரியில் ஊசி போட்டு, உடனே கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். வளைவு வளைவாக இறங்கியதில், நெஞ்சுக்குள் கேட்ட சத்தத்தைத் தவிர எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. "மாவு தெறந்து கெடக்குது" என்று சொன்னேன். உயிர் போகிற நேரத்தில் மனுஷன் சொல்கிற வார்த்தையா அது?

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். மறுநாள் காலையில் அவர் குனிந்து என் நெஞ்சில் கருவியை வைத்தபோது கம்பளியிலிருந்து வெள்ளையாகத் தூசி பறந்தது. அவரே ஒரு தும்மல் தும்மினார்.

"இது என்னங்க தூசி?"

"மாவுங்க டாக்டர். மாவுமேல போத்தற கம்பளி. அவசரத்துல அதத்தான் எடுத்தேன்" என்றாள் என் மனைவி.

"மாவுமேல போத்தற கம்பளியா?" என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன வேலை, எந்த அறையில், எவ்வளவு நேரம், ஊருக்குப் போனால் எப்படி இருக்கிறது, அறைக்கு ஜன்னல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கட்டில் போட்டதைச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒரு மெஷினில் என்னை ஊதச் சொன்னார்கள். ஊதுங்க, இன்னும், இன்னும் என்று நர்ஸ் பிள்ளைகள் உற்சாகப்படுத்தினார்கள். நான் மார்கழி மாவாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

"பனி இல்லைங்க. மாவு" என்றார் டாக்டர். "மைதாத் தூள் உங்க நெஞ்சுக்கு ஒத்துக்கல. பேக்கரியில வேல செய்யறவங்களுக்கு வர்றதுதான். இனிமே அந்த அறைக்குள்ள நீங்க போகக் கூடாது. மொதல்ல அந்தக் கம்பளிய வெளிய எடுத்துட்டுப் போங்கம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "மாவுதானுங்க எனக்குச் சோறு போடுது. அதெப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று சண்டைக்குப் போனேன். பாதி வார்த்தைக்கு மேல் மூச்சு வரவில்லை, ஆகவே சண்டையும் பாதியில் நின்றது. என் மனைவி கம்பளியை மடித்தாள். மார்போடு அணைத்தாள். உடனே உதறிக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வராந்தாவின் கடைசிவரை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் துணிமணி எடுத்து வருவதாகச் சொல்லி ஊருக்குப் பேருந்து ஏறினாள். அடுத்த நாள் சாயங்காலம்தான் வந்தாள். பையில் துணி இருந்தது, அதன் மேல் ஒரு தூக்குப்போசி. திறந்தால் பன். தின்னச் சொல்லி ஒன்றைக் கையில் கொடுத்தாள். பிட்டு வாயில் போட்டேன். மேல்தோல் நன்றாகச் சிவந்து, உள்ளே மெத்தென்று, மெல்ல மெல்ல ஒரு ருசி வந்தது. கொஞ்சம் புளிப்பு, அதற்குப் பின்னால் ஒரு கோதுமை மணம். இத்தனை வருஷத்தில் நான் போட்ட எந்தப் பன்னிலும் அந்த ருசி இருந்ததில்லை. தொழில்காரன் புத்தி, பொறாமை வந்துவிட்டது.

"இது யாரு போட்டது?" என்றேன்.

"நம்முளதுதானுங்க. அன்னைக்கு நீங்க பெசஞ்சு வெச்ச மாவு."

"அது செத்துப்போயிருக்குமே. சன்னலு ஒடஞ்சு கெடந்துச்சு. கம்பளியும் இல்ல."

"ஆமாங்க. அடுப்பும் அணஞ்சு, சொவரெல்லாம் சில்லுன்னு கெடந்துச்சு. கொட்டிப்போடலாமுன்னு கிட்டக்கப் போனனுங்க..." அவள் என் முகத்தைப் பார்க்காமல் போசியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "தொட்டி நெறையப் பொங்கி நின்னுச்சுங்க. அமுங்கவே இல்ல. வெரல வெச்சு அழுத்துனேன். மெதுவா மேல வந்துச்சு. நம்மளையேதான் எதிர்பாத்துட்டுக் கெடந்துச்சுங்க."

நான் வாயிலிருந்ததை மென்று முடித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, அவளுக்கு முன்பே புரிந்திருந்தது. குளிரில் ஈஸ்ட் சாகாது. மெதுவாக மூச்சு விடும், அவ்வளவுதான். சூட்டில் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்கிறதைக் குளிரில் ஒரு நாள் எடுத்துச் செய்யும். அதற்கு வேண்டியது பொறுமை. கம்பளியோ பலகையோ சாக்கோ மைதாப் பசையோ எதுவுமே வேண்டியதில்லை. அந்த ஜன்னல் இத்தனை வருஷமும் திறந்தே இருந்திருக்கலாம்.

அவள் அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். யாரோ போட்ட பன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தின்றிருப்பேன். ஆனால் அவளுக்குப் பொய் வராது. தனியாகச் சுமக்கவும் அவளால் முடிந்திருக்காது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரிடம் கேட்டேன். "சன்னலத் தெறந்து வெச்சுருந்தா எனக்கு இது வந்துருக்காதுங்களா?"

அவர் யோசித்தார். "வராம இருந்திருக்கலாம். இல்ல, இவ்வளவு தூரம் வராம இருந்திருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதுங்க."

நான், "உறுதியாச் சொல்ல முடியாது" என்பதைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி முதல் பாதியைப் பிடித்துக்கொண்டாள். பேருந்தில் மேலே வருகிற வழியெல்லாம் அவள் கண்ணாடியைத் திறந்தே வைத்திருந்தாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து முறைத்தார். எங்கள் பஜார்க்காரர் ஒருத்தரும் அதே பேருந்தில் இருந்தார். அந்தக் கேலியை அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

இப்போது மாவு பிசைவது அவள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்கிறாள். டாக்டர் பேச்சைக் கேட்டு மைதாவைப் பறக்கவிடாமல் சலிக்கிறாள். ஜன்னலுக்குப் பலகை கிடையாது, கம்பி வலை மட்டும் அடித்திருக்கிறோம். ஈஸ்ட்டைக் குறைத்துவிட்டாள். வெந்நீரும் கிடையாது. காலையில் பிசைந்த மாவு மறுநாள் காலைப் பன்னுக்குத்தான். வாங்குகிறவர்கள், "இப்பத்தான் பன்னு நல்லாருக்குது, மொதல்ல என்னமோ பஞ்சு தின்ன மாதிரி இருந்துச்சு" என்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன்.

நான் வெளியே, ஜன்னலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒத்தையடிப்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பேன். பையில் உறிஞ்சுகிற மருந்து. மாவு ஈரமாகித் தூள் அடங்கிய பிறகு அவள் தொட்டியை ஜன்னல் பக்கம் இழுத்து வருவாள். விரலால் அழுத்திக் காட்டுவாள். "ஏனுங்க, ஆச்சுங்களா?" என்பாள். அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்பாள். நானும் குழியையே பார்த்திருந்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் போகட்டும் அம்மிணி" என்பேன். அவள் போகவிடுவாள். மாவுக்கு என் அபிப்பிராயம் தேவையில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மாவு மெதுவாகப் பொங்குவதால் எங்களுக்கு இப்போது பகல் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. மதியம் அவளுக்கு வேலையே இல்லை. முதலில் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டுகளைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். போன வாரம் பனி விலகி நல்ல வெயில். அவள் குளித்து, சேலை மாற்றி, தலையில் மாவு ஒட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். மேலே பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு உறைத்தது.

"மேட்டுக்குப் போலாமா அம்மிணி?" என்றேன்.

"உங்குளுக்கு ஆவாதுங்க."

"மெதுவாப் போலாம். நேரந்தான் கெடக்குதே."

போனோம். கொழுந்து பறிக்கிற பெண்கள் வழிவிட்டு நின்று சிரித்தார்கள். "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்கவில்லை, மூச்சை ஏறுவதற்கு வைத்துக்கொண்டேன். அப்படியும் முதல் திருப்பம் வரைக்கும்தான் முடிந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்த ஆரம்பித்தது. பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்து மருந்தை எடுத்து உறிஞ்சினேன். அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். மேடு இன்னும் மேலே, நாலைந்து திருப்பம் தாண்டி இருந்தது.

"நீ போய்ப் பாத்துட்டு வா. நா இங்கயே இருக்கறேன்" என்றேன், மூச்சு கொஞ்சம் திரும்பியதும்.

அவள் போகவில்லை. என் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்து, கீழே, செடிகளுக்கு நடுவே உற்றுப் பார்த்தாள்.

"இங்கிருந்தே தெரியுதுங்க" என்றாள். "அதா, தண்ணி மின்னுது பாருங்க."

எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய் அது. நானும் கையை நெற்றியில் வைத்து, "ஆமா, நல்லாத் தெரியுது" என்றேன். அந்தத் திருப்பத்திலிருந்து தேயிலையைத் தவிர வேறு எதுவும் தெரியாது.